வேண்டாத குறிகளை நீக்குவது எப்படி? நிரலில் தமிழ் உரையைச் சுத்தம் செய்ய ஓர் எளிய விளக்கம்

ஊர்ப் பட்டியலில் "தக்கலை" என்று தேடுகிறோம். திரையில் அந்தப் பெயர் கண்ணெதிரே நிற்கிறது. நிரலோ அப்படி ஒன்று இல்லை என்கிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்: பட்டியலில் ஊர்ப்பெயரின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு அது வெற்றிடம். கணினிக்கு அதுவும் ஓர் எழுத்து. அதற்கு 32 என்று ஓர் எண்ணும் உண்டு. ஆறு எண்கள் கொண்ட "தக்கலை"யும் ஏழு எண்கள் கொண்ட "தக்கலை "யும் ஒன்றாகாது.

வேண்டாத குறிகளை நீக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. செய்வதற்கு எளிது, ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் ஆங்கில உரைக்கென்று எழுதப்பட்ட அந்த ஒரு வரியைத் தமிழ் உரைமேல் அப்படியே ஓட்டினால், குப்பையோடு சேர்ந்து புள்ளியும் கொம்பும் காலும் போய்விடும். அதனால் எந்தக் குறி குப்பை, எந்தக் குறி சொல்லின் உறுப்பு என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு நீக்கும் முறைக்கு வருவோம்.

இங்கே எடுத்துக்காட்டுகள் பைதான் மொழியில் உள்ளன. செயல்களின் பெயர்களைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். குறியெண்கள் எல்லாம் பதின்ம எண்கள்.

சரத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது

நிரலில் எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்திருப்பதைச் சரம் என்கிறோம். "நாகர்கோவில்" என்ற சொல்லை நாம் ஆறு எழுத்தாக வாசிக்கிறோம்: நா, க, ர், கோ, வி, ல். பைதானில் லென் என்ற செயலிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் பொது முறையான யூனிகோடில் "நா" ஒரே எழுத்து அல்ல. ந (2984), அதைத் தொடர்ந்து கால் (3006) என இரண்டு குறிகள். "ர்" என்பது ர (2992), அதன்பின் புள்ளி (3021). "கோ" என்பது க, ஓகாரக் குறி. இப்படி எண்ணினால் 11 வரும். கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 33 பைட்.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 2944 முதல் 3071 வரை. அதற்குள் உயிரும் மெய்யும் தனி எழுத்துகளாகவும், காலும் கொம்பும் புள்ளியும் சார்ந்து நிற்கும் குறிகளாகவும் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இந்த இரண்டாம் வகையை நிரல்மொழிகள் "எழுத்து" என்று ஒப்புக்கொள்ளாத இடங்கள் பல. "தக்கலை" முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று பைதானின் ஈஸ்ஆல்ஃபா செயலைக் கேட்டால் இல்லை என்றே சொல்லும். பின்னால் வரும் பெரிய சேதத்துக்கு வேர் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்குப் பின் ஒரே ஓகாரக் குறி (3019) வரலாம். அல்லது இரட்டைக்கொம்பு (3015), கால் (3006) என இரண்டு குறிகள் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் "நாகர்கோவில்" 11 குறி, இரண்டாம் வகையில் 12 குறி. ஒப்பிட்டால் சமமில்லை என்றே வரும். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். இதில் குப்பை எதுவும் கிடையாது, நீக்கவும் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பைதானில் யூனிகோடுடேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்றொரு செயல் இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்ற வகையைக் கொடுத்தால் பிரிந்து கிடப்பதை ஒரே குறியாக்கும். நீக்கும் வேலை எதையும் தொடங்குமுன் இந்த ஒரு வரியை ஓட்டிவிடுங்கள்.

முதலில் பார்

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் தேட முடியாது. பிரிண்ட் செயல் சரத்தை அழகாகக் காட்டும், அதனால் இந்த இடத்தில் உதவாது. ரெப்ர் என்ற செயல் மறைந்திருக்கும் குறிகளைப் பின்சாய்கோடும் எண்ணுமாக வெளியே இழுத்துக் காட்டும். அதைவிடத் தெளிவு வேண்டுமானால் ஒவ்வொரு குறிக்கும் ஆர்ட் செயலை ஓட்டி எண்களைப் பட்டியலிடலாம்.

தக்கலை என்பதற்கு 2980, 2965, 3021, 2965, 2994, 3016 என்று வர வேண்டும். இதற்குமேல் ஏதாவது எண் நின்றால் அதுதான் ஆள். அடிக்கடி அகப்படுபவை இவை. 32 சாதாரண இடைவெளி. 9 டேப். 10 புதுவரி. விண்டோஸ் கோப்புகளில் புதுவரிக்கு முன்னால் 13 வரும். வரியைப் பிரித்த பிறகு அது கடைசிப் பத்தியின் (அட்டவணையின் நெடுக்கு வரிசையின்) வாலில் தங்கிவிடும். 160 உடையா இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த உரையில் கூட்டமாக இருக்கும். 8203 அகலமே இல்லாத இடைவெளி. 8206, 8234, 8236 ஆகியவை எழுத்தோட்டத்தின் திசையைச் சொல்பவை. கைபேசி எண்களை நகலெடுத்து ஒட்டும்போது ஓரங்களில் பதுங்கி வரும். 65279 கோப்பின் தொடக்கக் குறி; எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி வகையில் சேமித்தால் கோப்பின் முதல் குறியாக வந்து உட்காரும்.

இந்தக் கடைசி ஆளால் புதியவர்கள் நிறையவே தடுமாறுகிறார்கள். கோப்பின் முதல் பத்தித் தலைப்பு "ஊர்" என்றிருக்கும். நிரலில் "ஊர்" பத்தியைக் கேட்டால் அப்படி ஒரு பத்தியே இல்லை என்ற பிழை வரும். மற்ற பத்திகளெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும். முதல் பத்திக்கு மட்டும் கோளாறு என்றால் 65279-ஐத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைப் பிறகு தேடிப்பிடித்து நீக்குவதைவிட, கோப்பைத் திறக்கும்போதே குறியீட்டு முறையை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுப்பது நல்லது, தானாகக் கழன்றுவிடும்.

ஓரங்களைத் துடைத்தல்

ஊர் = ஊர்.ஸ்ட்ரிப்()

இரண்டு ஓரத்திலும் இருக்கும் இடைவெளி, டேப், புதுவரி எல்லாவற்றையும் இது கழற்றும். இடப்பக்கம் மட்டும் போதுமென்றால் எல்ஸ்ட்ரிப், வலப்பக்கத்துக்கு ஆர்ஸ்ட்ரிப். சமக்குறிக்கு இடப்பக்கம் மாறியின் பெயர் மறுபடி வந்திருப்பதைக் கவனியுங்கள். சரத்தை அது இருக்கும் இடத்திலேயே திருத்த பைதானில் வழியில்லை. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படித்தான். திருத்திய புதுச் சரம் ஒன்று திரும்பக் கிடைக்கும். அதை வாங்கி வைக்காவிட்டால் வேலை நடந்தும் பயனில்லை. "ஸ்ட்ரிப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்களின் நிரலில் பெரும்பாலும் இந்தச் சமக்குறிதான் விடுபட்டிருக்கும்.

எந்தக் குறிகளை "இடைவெளி" என்று எடுத்துக்கொள்வது என்பது மொழிக்கு மொழி மாறும். பைதானின் ஸ்ட்ரிப் 160-ஐ எடுத்துவிடும்; 8203, 65279 இரண்டையும் தொடாது. ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் 160-ஐயும் 65279-ஐயும் எடுக்கும், 8203-ஐ விட்டுவிடும். ஜாவாவின் ட்ரிம் 32 வரையுள்ள எண்களை மட்டும் எடுக்கும். ஜாவா 11-இல் வந்த ஸ்ட்ரிப்பும் 160-ஐத் தொடுவதில்லை. எக்செலின் ட்ரிம் 32-ஐ மட்டுமே அறியும். ஆகவே எக்செலில் 160 இருந்தால் சப்ஸ்டிட்யூட் மூலம் அதை 32 ஆக்கிவிட்டு, அதன் பிறகே ட்ரிம் ஓட்ட வேண்டும்.

ஸ்ட்ரிப்பின் அடைப்புக்குள் எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றையும் ஓரத்திலிருந்து கழற்றும். இங்கேதான் ஒரு பள்ளம். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களை "அகஸ்தீஸ்வரம் வட்டம்", "தோவாளை வட்டம்" என்று எழுதி வைத்திருக்கிறோம். "வட்டம்" என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதத் தோன்றும்:

பெயர் = பெயர்.ஆர்ஸ்ட்ரிப்(" வட்டம்")

விளைவைப் பாருங்கள். தோவாளை, விளவங்கோடு, திருவட்டாறு மூன்றும் சரியாக வரும். அகஸ்தீஸ்வரம் "அகஸ்தீஸ்வர" ஆகிவிடும். கல்குளம் "கல்குள" ஆகும். கிள்ளியூர் புள்ளியை இழந்து "கிள்ளியூர" என்று நிற்கும். காரணம், ஆர்ஸ்ட்ரிப் அதை "வட்டம்" என்ற சொல்லாகப் படிப்பதில்லை. இடைவெளி, வ, ட, ம, புள்ளி என்ற ஐந்து குறிகளின் தொகுப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். வலது ஓரத்திலிருந்து வந்து, இந்த ஐந்தில் சேராத குறி ஒன்றை எதிர்கொள்ளும்வரை கழற்றிக்கொண்டே போகும். அகஸ்தீஸ்வரத்தின் ஈற்றில் உள்ள ம-வும் புள்ளியும் தொகுப்பில் இருப்பதால் அவையும் போயின. ஆறில் மூன்று சரியாக வருவதால்தான் இது ஆபத்தானது: சோதனைக்குத் தோவாளையை மட்டும் எடுத்தவர் பிழையைப் பார்க்கவே மாட்டார்.

ஒரு சொல்லை முழுச்சொல்லாகவே வாலிலிருந்து எடுக்க ரிமூவ்சஃபிக்ஸ் இருக்கிறது. முன்னாலிருந்து எடுக்க ரிமூவ்ப்ரிஃபிக்ஸ். இரண்டும் பைதான் 3.9-இல் வந்தவை.

பெயர் = பெயர்.ரிமூவ்சஃபிக்ஸ்(" வட்டம்")

ஆறும் பழுதில்லாமல் வரும்.

நடுவில் இருப்பதை எடுத்தல்

ஸ்ட்ரிப் ஓரத்தோடு நின்றுவிடும். நடுவில் இருப்பதற்கு ரிப்ளேஸ். நீக்க வேண்டியதை முதலில் கொடுத்து, அதன் இடத்தில் வெறும் சரத்தைக் கொடுத்தால் எல்லா இடத்திலும் நீங்கிவிடும்:

பின்கோடு = பின்கோடு.ரிப்ளேஸ்(" ", "")

"629 001" என்பது "629001" ஆகும். ஜாவாஸ்கிரிப்டில் ரிப்ளேஸுக்குச் சரத்தைக் கொடுத்தால் முதலில் அகப்படும் ஒன்றை மட்டுமே மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற 2021 பதிப்பிலிருந்து ரிப்ளேஸ்ஆல் உண்டு.

எடுப்பதா, இடைவெளியாக்குவதா என்பதை ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். "தக்கலை,குளச்சல்" என்பதில் காற்புள்ளியை எடுத்தால் "தக்கலைகுளச்சல்" என்று இரண்டு ஊர் ஒட்டிக்கொள்ளும். முகவரியில் புதுவரியை எடுத்தாலும் இதே கதி. சொற்களைப் பிரிக்கும் குறி எதுவானாலும் முதலில் ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். இடைவெளிகள் இரட்டித்தால் பிறகு ஒரே வரியில் சரிசெய்யலாம்: சரத்தை அடைப்புக்குள் எதுவும் இல்லாத ஸ்ப்ளிட்டால் பிரித்து, ஓர் இடைவெளி கொண்டு ஜாயினால் கோத்தால், ஓரத்து இடைவெளியும் போகும், நடுவில் எத்தனை இருந்தாலும் ஒன்றாகும். 160-ஐயும் இது கவனித்துக்கொள்ளும்.

ரிப்ளேஸுக்குச் சுருக்கமான துண்டுகளைக் கொடுப்பதும் தவறு. "வட்டம்", "வட்டத்தில்" இரண்டையும் பிடிக்கலாமே என்று "வட்ட" என்பதை நீக்கச் சொன்னால், திருவட்டாறு "திருாறு" ஆகிவிடும், வட்டக்கோட்டை "க்கோட்டை" ஆகிவிடும். நீக்கும் துண்டு எவ்வளவு குட்டையோ, அது வேறொரு பெயருக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பல குறிகளை ஒரே நடையில் எடுக்க ட்ரான்ஸ்லேட் நல்ல செயல். எந்த எண் எதுவாக மாற வேண்டும் என்று ஓர் அகராதி எழுதிக் கொடுக்கிறோம்; நீங்க வேண்டியவற்றுக்கு நன் ("எதுவும் இல்லை" என்ற பைதான் மதிப்பு; இதன் முதல் எழுத்து மட்டும் பெரியது) என்று போடுகிறோம். 8203, 8206, 8234, 8236, 65279 ஆகியவற்றுக்கு நன், 160-க்கு 32, நீளக் கோடான 8211-க்குச் சாதாரண சிறுகோடான 45, வளைந்த மேற்கோள்களான 8220, 8221 இரண்டுக்கும் நேர் மேற்கோளான 34. வேர்டு போன்ற செயலிகள் சிறுகோட்டைத் தாமாகவே 8211 ஆக்கிவிடும். "04652" என்ற நாகர்கோவில் தொலைபேசிக் குறியீட்டுக்குப் பின் வரும் கோட்டில் நிரல் பிரிக்கவில்லையென்றால் இதுவும் ஒரு காரணம். இந்த அகராதியை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் எல்லாத் திட்டத்திலும் பயன்படும்.

விலைப் பத்தி: சத்தமில்லாமல் கெடும் இடம்

தோவாளைப் பூச்சந்தை விலையோ குளச்சல் மீன் விலையோ கையால் தட்டச்சான பட்டியலாக வந்தால், விலைப் பத்தியில் எல்லா வகையும் இருக்கும்: "₹1,250/-", "ரூ. 80", "ரூ.1,250.50", "350 ரூபாய்", "40-45". எல்லாவற்றையும் எண்ணாக்க வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, இலக்கங்களைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. "₹1,250/-" சரியாக 1250 ஆகும். ஆனால் "ரூ.1,250.50" என்பது 125050 ஆகிவிடும், பைசா ரூபாயாகிவிட்டது.

சரி, இலக்கத்தோடு புள்ளியையும் வைத்துக்கொள்வோம் என்று திருத்தினால், "ரூ.1,250.50" என்பது ".1250.50" ஆகும். எண்ணாக மாற்றும்போது நிரல் பிழை காட்டி நிற்கும். அது நல்லது, தெரிந்துவிட்டது. மோசமானது அடுத்தது. "ரூ. 80" என்பதில் ரூ-வை ஒட்டிய புள்ளி மிஞ்சி, ".80" என்று ஆகிறது. இது செல்லுபடியாகும் எண்; நிரல் எந்தப் பிழையும் காட்டாது. சாளை மீன் எண்பது ரூபாய்க்குப் பதில் எண்பது பைசாவுக்கு விற்றதாகக் கணக்கு எழுதிவிட்டுப் போய்விடும். நூற்றுக்கணக்கான வரிகளின் கூட்டுத்தொகையில் இது கண்ணில் படவே படாது.

சரியான வழி, நாணயக் குறியை முழுத்துண்டாக முதலில் எடுப்பது. வரிசை முக்கியம்: "ரூபாய்", "ரூ.", "ரூ" என்று நீளமானதிலிருந்து குட்டையானதற்கு வர வேண்டும். "ரூ"வை முதலில் எடுத்தால் "350 ரூபாய்" என்பதில் "பாய்" மிஞ்சும். அடுத்து ₹ (8377), பழைய ₨ (8360), தமிழ் ரூபாய்க் குறியான ௹ (3065) ஆகிய மூன்றையும் எடுங்கள். பிறகு "/-", பிறகு காற்புள்ளி, கடைசியில் ஸ்ட்ரிப். இவ்வளவுக்கும் பின் மிஞ்சுவது இலக்கங்களும் அதிகபட்சம் ஒரு புள்ளியுமாக மட்டும் இருந்தால் எண்ணாக்குங்கள். இல்லையென்றால் தொடாமல் தனியே ஒதுக்குங்கள்.

"40-45" இப்படித்தான் ஒதுங்கும், ஒதுங்கத்தான் வேண்டும். தேங்காய் விலை நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து என்று ஒருவர் எழுதியதை, கோட்டை நீக்கி 4045 ஆக்கும் உரிமை நிரலுக்குக் கிடையாது. சராசரி எடுப்பதா, குறைந்த விலையை எடுப்பதா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

"1½ கிலோ" போன்ற பின்னங்களும் தனிக் கவனம் கேட்பவை. முன்பு சொன்ன நார்மலைஸுக்கு என்எஃப்சிக்குப் பதில் என்எஃப்கேசி என்று கொடுத்தால் ½ என்ற ஒற்றைக் குறி 1, சாய்கோடு, 2 என்று மூன்றாகப் பிரியும். அப்போது "1½" என்பது 11-இன் கீழ் 2 போலத் தோன்றும். கோட்டையும் நீக்கினால் 112. ஏத்தன் வாழைக்குலையின் எடையை இப்படி நூற்றுப் பன்னிரண்டு கிலோ ஆக்கிவிட வேண்டாம். தமிழ் உரைக்கு என்எஃப்சியே போதும்.

தொலைபேசி எண்ணுக்கு மட்டும் "இலக்கம் தவிர எல்லாவற்றையும் எடு" என்ற வழி ஏறக்குறையப் பொருந்தும். எடுத்தபின் கடைசிப் பத்து இலக்கங்களை வைத்துக்கொண்டால் 91 என்ற நாட்டுக் குறியீடும் முன்னால் வரும் சுழியும் தாமாகக் கழியும். மார்த்தாண்டம் பக்கத்து 04651 எண்களும் சுழி போக 4651, அதன்பின் ஆறு இலக்கம் எனப் பத்துக்குள் அடங்கும். ஆனால் ஒரே கட்டத்தில் இரண்டு எண்களைச் சாய்கோடிட்டு எழுதியிருந்தால் இருபது இலக்கம் வரும், முதல் எண் சத்தமில்லாமல் காணாமல் போகும். பன்னிரண்டுக்கு மேல் இலக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தொலைபேசி எண்ணையும் பின்கோடையும் எப்போதும் சரமாகவே வையுங்கள். எண்ணாக்கினால் முன்சுழி போய்விடும்.

தமிழைச் சிதைக்கும் அந்த ஒரு வரி

வடிவக்கோவை, அதாவது உரைக்குள் ஒரு வடிவத்தைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், படிக்கத் தொடங்கியவுடன் எல்லோரும் கற்றுக்கொள்ளும் ஒரு சூத்திரம் உண்டு: "சொல்லெழுத்தும் இடைவெளியும் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு". சொல்லெழுத்து என்பதைப் பின்சாய்கோடு டபிள்யூ என்று எழுதுவார்கள். ஆங்கில வாக்கியத்தில் நிறுத்தக்குறிகளை எடுக்க இது நன்றாக வேலை செய்யும்.

இதையே "நாகர்கோவில்" மேல் பைதானில் ஓட்டினால் கிடைப்பது "நகரகவல". "கன்னியாகுமரி" கிடைப்பது "கனனயகமர" என்று. "குளச்சல்" என்பது "களசசல". காலும் கொம்பும் புள்ளியும் சார்குறி வகையைச் சேர்ந்தவை. பைதானின் டபிள்யூ அந்த வகையைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் அவை எல்லாம் நிறுத்தக்குறிகளோடு சேர்ந்து கழிந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்டிலும், இயல்பான அமைப்பில் ஜாவாவிலும் டபிள்யூ என்பது ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் அடிக்கோட்டையும் மட்டுமே குறிக்கும். அங்கே தமிழ் ஓர் எழுத்துகூட மிஞ்சாது.

சேதம் திரும்பப் பெற முடியாதது என்பதுதான் இதில் கவலை. "களசசல" என்பதிலிருந்து குளச்சலை ஊகித்துவிடலாம். ஆனால் மூன்று, நான்கு குறி கொண்ட ஆட்பெயர்களில் எந்தக் காலும் கொம்பும் இருந்தன என்று யாரும் சொல்ல முடியாது. மூலப்பத்தி தனியே இருந்தால்தான் மீளலாம்.

அரிசியில் கல் பொறுக்குவதும் சல்லடையில் சலிப்பதும் இரண்டு வேறு வேலைகள், இங்கேயும் அப்படித்தான். ட்ரான்ஸ்லேட் அகராதி கல் பொறுக்குவது: பெயர் சொன்னதை மட்டும் எடுக்கும், மற்றதை விட்டுவிடும். சலிப்பது என்றால் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்கிறோம், மற்றதெல்லாம் போகும். தமிழுக்குச் சல்லடை இப்படி இருக்க வேண்டும்: குறியின் ஆர்ட் எண் 2944-க்கும் 3071-க்கும் இடையில் இருந்தால் வை, குறி 0 முதல் 9 வரையான இலக்கமாக இருந்தால் வை, இடைவெளி, முற்றுப்புள்ளி, சிறுகோடு என்றாலும் வை. சரத்தின் குறிகளை ஒவ்வொன்றாக ஃபார் சுற்றில் எடுத்து, தேறியவற்றை ஜாயினால் கோத்தால் முடிந்தது. வடிவக்கோவை தெரியாதவரும் எழுதக்கூடியது, ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியக்கூடியது. தொடங்குபவர்கள் இதையே எழுதுங்கள் என்பதுதான் எங்கள் பரிந்துரை. ஜாவாஸ்கிரிப்டில் 2018 பதிப்பிலிருந்து எழுத்து, சார்குறி, எண் என்ற பண்புவகைகளைக் கேட்க முடியும், மூன்றையும் கேளுங்கள். சார்குறியை விட்டால் மறுபடி "நகரகவல"தான்.

முற்றுப்புள்ளியை வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் பெயர்முன் எழுத்துகள். "அ. செல்வி" என்பதில் புள்ளியை எடுத்தால் முன்னெழுத்து பெயரோடு கலந்துவிடும்.

இந்தச் சல்லடையைப் பழைய கோப்புகள்மேல் ஓட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான உரை, எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். சல்லடை அதை முழுவதுமாகக் கொட்டிவிடும். அத்தகைய கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இணைக்கும் குறிகள், ஒத்த உருவங்கள்

மறைந்திருக்கும் குறியெல்லாம் குப்பை என்று நினைத்து 8204, 8205 இரண்டையும் நீக்கும் அகராதிகளை நிறையப் பார்க்கலாம். 8204 இரண்டு எழுத்துகள் சேராமல் தடுப்பது. 8205 சேர்த்து வைப்பது. தமிழில் 8204-க்கு இருக்கும் முக்கிய வேலை, க்-ஐயும் ஷ-வையும் கூட்டெழுத்தாகாமல் தனித்தனியே நிறுத்துவது. அதை எடுத்தால் இரண்டும் க்ஷ என்று சேர்ந்துவிடும். தேடலுக்காக எடுப்பதானால் தேடும் சொல்லிலும் எடுக்க வேண்டும்.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் சேகரித்த பட்டியலில் மலையாளப் பெயர்களும் கலந்திருக்கலாம். அங்கே 8205-ஐத் தொடவே கூடாது. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவங்களுக்கு) தனிக் குறியெண்கள் 2008-இல், யூனிகோடு 5.1-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய முறையில் மெய், சந்திரக்கலை (மலையாளத்தின் புள்ளி), 8205 என்ற மூன்றையும் சேர்த்துத்தான் சில்லெழுத்தை எழுதினார்கள். 8205-ஐ உருவினால் சில்லு உடைந்து பெயரின் உருவமே மாறிவிடும். கைபேசியில் குடும்பப் படம் போன்ற எமோஜிகளும் 8205-ஆல் கோத்தவைதான்; நீக்கினால் தனித்தனி ஆட்களாகச் சிதறும்.

இதற்கு எதிர்ப்புறமான சிக்கல், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்து எண்ணில் வேறாக இருப்பவை. தமிழ் இலக்கமான ௧ (3047) க-வைப் போல (2965) இருக்கும். ௭ (3053) எ போலவும், ௮ (3054) அ போலவும் இருக்கும். ஔகாரத்தின் வலப்பக்கக் குறி ௗ (3031) ள-வைப் போல (2995) இருக்கும். எல்லாம் 2944–3071 எல்லைக்குள் வருவதால் சல்லடையில் தங்கிவிடும். ஊர்ப்பெயர்ப் பத்தியில் 3046 முதல் 3055 வரை எந்த எண் தென்பட்டாலும் அது தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். நீக்காதீர்கள், உரிய எழுத்தாக மாற்றுங்கள். இலக்கப் பத்தியில் வேறு கதை: வடிவக்கோவையில் "இலக்கம்" என்று பொதுவாகக் கேட்கும் பின்சாய்கோடு டி, பைதானில் தமிழ் இலக்கங்களையும் ஏற்கும். 0 முதல் 9 வரை மட்டும்தான் வேண்டுமென்றால் அதை அப்படியே எழுதிக் கேளுங்கள்.

வரிசையும் சரிபார்ப்பும்

வேலைகளின் வரிசை இப்படி அமைந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. முதலில் என்எஃப்சி. அடுத்து மறைகுறிகளுக்கான ட்ரான்ஸ்லேட். அதன்பின் பத்திக்கே உரிய வேலை: விலைக்கு நாணயக்குறி, வட்டத்துக்கு ரிமூவ்சஃபிக்ஸ், பின்கோடுக்கு இடைவெளி. ஸ்ப்ளிட்டும் ஜாயினும் கடைசியில். இடைவெளியை முதலிலேயே சரிசெய்தால், நடுவில் அடைப்புக்குறியையோ கோட்டையோ எடுத்த இடத்தில் இரட்டை இடைவெளி மறுபடி முளைக்கும்.

எல்லாப் பத்திக்கும் பொதுவாக ஒரே சுத்தச் செயல் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். சிறுகோடு பின்கோடில் குப்பை, விலையில் எச்சரிக்கை, பெயரில் உறுப்பு. பத்திக்கு ஒரு செயல் எழுதினால் நிரல் கொஞ்சம் நீளும், தரவு பிழைக்கும்.

மூலப்பத்தியை மேலெழுதாமல், சுத்தமானதைப் புதுப்பத்தியில் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எந்தெந்தக் குறி எத்தனை முறை நீங்கியது என்று ஒரு பட்டியல் எடுங்கள்; பைதானின் கவுன்ட்டர் (இதற்கும் முதல் எழுத்து பெரியது) இதை இரண்டு வரியில் தரும். அதில் 160-உம் 8203-உம் மேலே நின்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. 3021, அதாவது புள்ளி, அந்தப் பட்டியலில் தலைகாட்டினால் நிரலை அங்கேயே நிறுத்திவிட்டு வடிவக்கோவையைப் பாருங்கள். "வட்டம்" போல நாமாக எடுத்த சொல்லில் இருந்த புள்ளிகளைக் கழித்தபின் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

மிஞ்சியவற்றையும் சோதிக்கலாம். இந்த மாவட்டத்துப் பின்கோடு ஆறு இலக்கமாக, 629 என்று தொடங்க வேண்டும். வட்டத்தின் பெயர் அந்த ஆறில் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் காலிலோ கொம்பிலோ புள்ளியிலோ தொடங்காது. என்எஃப்சி ஓட்டிய பிறகு இரண்டு சார்குறிகள் அடுத்தடுத்தும் வராது. 3006 முதல் 3021 வரையுள்ள எண்கள் சொல்முதலில் நின்றாலோ, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வந்தாலோ அந்த வரியைத் தனிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். "திருாறு" போன்றவை அத்தனையும் அங்கே வந்து சேரும். மூலப்பத்தியைப் பார்த்துக் கையால் திருத்திவிடலாம்.